கட்டடக் கலைக்கு வழி இரண்டு

1959 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் படம் வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். இன்றோ அக்கலையைக் கடல் கடவாமலே கற்கலாம். எனினும், சித்திரத்திற் கைவந்த மாணவனையும் பொறியியலுக்கே இழுக்கின்றனர் எம்மூர்ப் பெற்றோர்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் பட்டநெறி உண்டு. அதற்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சையிலும் தேறல் வேண்டும். அங்கே இடம் பெறாதார், கதவு அடைபட்டதென்று மனந்தளர்ந்து வேறு துறை புகுகின்றனர். கொழும்பிலுள்ள ‘சிற்றி ஸ்கூல் ஒப் ஆர்க்கிடெக்சர்’ என்னும் கல்லூரியிலே, கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் செய்துகொண்டே பயிலலாம் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இலர்.

இவ்வழியை இரண்டாந்தரம் என்பாரும் உளர். யான் உடன்படேன். உளி பிடித்தபடியே சிற்பநூல் கற்ற ஸ்தபதியாரை நாம் குறைவாகவா மதித்தோம்? காலம் நீளும் என்பது மெய். வருவாயுள்ள வீட்டுப் பிள்ளைக்கன்றி ஏனையோர்க்குக் கொழும்பு வாசம் சுமையே என்பதும் மெய்.

எவ்வழி சென்றாலும் ஈற்றிலே தொழிற்றேர்வு நிற்கின்றது. அதிலே தேறி, கட்டடக் கலைஞர் பதிவுச் சபையிற் பெயர் பதிந்த பின்னரே ஒருவர் கட்டடக் கலைஞர் எனப்படுவார். படம் கீறத் தெரிந்தார் எல்லாரும் அப்பெயர்க்கு உரியராகார்.

பெற்றோர் முடிவு செய்யுமுன், பிள்ளை இவ்விடுமுறையில் நாற்சார் வீடொன்றின் முற்றத்தை அளந்து வரைந்து பார்க்கட்டும்.