ஒரே ஆற்றை நம்பி ஒரு மாநிலமா?



பினாங்கின் தண்ணீர்ப் பிரச்சினை எழும்போதெல்லாம் கெடாவும் பினாங்கும் மாறி மாறி அறிக்கை விடுவதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஜுருவில் குடியிருக்கும் எங்களுக்கு அந்தச் சண்டையில் யார் வென்றாலும் ஒன்றுதான். எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் இன்றுவரை ஒரே ஓர் ஆற்றையும் ஒரே ஒரு சுத்திகரிப்பு நிலையத்தையும் நம்பித்தான் வருகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த நிலைமையை மாற்றாமல் வைத்திருப்பதைக் கண்டித்தே இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் தரும் அந்தச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகள் கசிந்தன. அவற்றை மாற்றுவதற்காக 10-ஆம் தேதி முதல் 14-ஆம் தேதி வரை விநியோகம் நிறுத்தப்பட்டது. தீவு, பெருநிலம் என்ற வித்தியாசமில்லாமல் ஐந்து மாவட்டங்களிலும் ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 14-ஆம் தேதி போகி, மறுநாள் பொங்கல். வீட்டைக் கழுவி, பாய் படுக்கை துவைத்து, பானை விளக்கவேண்டிய நாளில் எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் லோரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். மேல் மாடிகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு கையிலும் வாளியோடு படியேறினார்கள். குளித்த தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழிப்பறைக்கு ஊற்றினோம்.

வால்வை மாற்றியதை நான் குறை சொல்லவில்லை. மாற்றாமல் விட்டிருந்தால் என்றைக்காவது அது வெடித்து, முன்னறிவிப்பே இல்லாமல் குழாய் வறண்டிருக்கும். இரண்டு வால்வுகளைக் கழற்றினால் மாநிலம் முழுவதும் காய்ந்துபோகும் அளவுக்கு ஓர் அமைப்பை எப்படி வளரவிட்டார்கள் என்பதே என் கேள்வி. 2025 ஏப்ரல் கடைசியில் மறுபடியும் ஒரு பெரிய நிறுத்தம் வந்தது. அப்போதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. இடையில், 2024 பிப்ரவரி 1 முதல், வீட்டு உபயோகத்துக்கான கட்டணம் கன மீட்டருக்குச் சராசரி 22 சென் உயர்ந்தது. நாங்கள் கட்டிக்கொண்டுதான் வருகிறோம்.

மெங்குவாங் அணை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசாங்கம் ஏறக்குறைய 1.2 பில்லியன் ரிங்கிட் செலவில் அதன் கொள்ளளவை 23.6 பில்லியன் லிட்டரிலிருந்து 86.4 பில்லியன் லிட்டராக உயர்த்தியது உண்மை. நல்ல வேலைதான். ஆனால் அது ஆற்றிலிருந்து நீரை இறைத்து நிரப்பி வைக்கும் தேக்கம். கடும் வறட்சியில் சில மாதங்கள் கைகொடுக்கும், அவ்வளவே. அங்கிருந்து திறந்துவிடும் நீரும் சுங்கை டுவாவுக்கு வந்துதான் சுத்தமாகிறது. நிலையமே முடங்கினால் அணை நிறையத் தண்ணீர் இருந்தும் எங்கள் பானைக்கு ஒரு சொட்டு வராது.

பினாங்குக்குத் தேவையான ஆற்று நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். சுமார் 160,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தவேண்டும் என்று சுற்றுச்சூழல் இயக்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. கெடா ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்கிறது. பினாங்கோ, எல்லையாக ஓடும் ஆற்றில் என் பக்கத்து லாஹார் தியாங்கில் எடுக்கிறேன், எதற்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால், ஆற்றில் ஓடும் தண்ணீருக்கு விலை வைப்பது சரியில்லை. ஆனால் மரத்தை வெட்டி விற்காமல் காட்டைக் காக்கும் மாநிலத்துக்கு அந்த இழப்பை ஈடுகட்டவேண்டும். அதை மத்திய அரசாங்கம் கொடுக்கட்டும். அந்தக் காடு கெடாவின் நெல் வயல்களுக்கும் சேர்த்துத்தான் நீர் தருகிறது.

இரண்டாவது ஆதாரம் என்று பேசப்படுவது பேராக் ஆறு. பத்தாண்டுக்கும் மேலாகப் பேச்சு மட்டுமே நடக்கிறது. பினாங்கு, சுத்திகரிக்காத ஆற்று நீரைக் கேட்டது. பேராக், அதைச் சுத்திகரித்துத்தான் விற்பேன் என்றது. மாநிலங்கள் ஒத்துவரவில்லை என்று சொல்லி மத்திய அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பகாங் மாநிலத்து ஆற்று நீரை சிலாங்கூருக்குக் கொண்டுபோகத் தித்திவாங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டியதும் இதே நாடுதான். 2014-இல் அந்த வேலை முடிந்தது. ஜப்பானிடம் கடன் வாங்கி, இரண்டு மாநிலங்களையும் உட்காரவைத்துச் செய்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு முடிந்தது வடக்கே ஏன் முடியவில்லை?

எங்கள் ஊரின் ஆற்றையும் சொல்லாமல் இருக்கமுடியாது. கடல் வற்றும் நேரத்தில் ஜுரு ஆற்றுப் பாலத்தில் நின்று பாருங்கள். கறுத்த சேறு, அதன்மேல் எண்ணெய்ப் படலம், கரையோரம் சிக்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்கள், மூக்கைப் பிடிக்கவைக்கும் வாடை. பிறைத் தொழிற்பேட்டை வந்தபிறகு மீனும் சிப்பியும் செத்து, கோலா ஜுரு மீனவர்கள் பிழைப்பிழந்து நின்றது 1970-களின் கதை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காக அன்றே குரல் கொடுத்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் நாட்டின் மிக மாசுபட்ட ஆறுகளின் பேச்சு வந்தால் ஜுருவின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. கால்வாய் மாநகர் மன்றத்துக்கு, ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு, கழிவு சுற்றுச்சூழல் துறைக்கு, குழாய்த் தண்ணீர் நீர் விநியோகக் கழகத்துக்கு என்று பங்கு போட்டுவைத்திருக்கிறார்கள். ஆறு மொத்தமாகச் சுத்தமாக இருக்கிறதா என்று பதில் சொல்லவேண்டிய ஆள் மட்டும் இல்லை.

ஜுரு ஆறு மாநிலத்துக்கே குடிநீர் தரக்கூடிய பெரிய ஆறு அல்ல. அது எனக்குத் தெரியும். ஆனால் தொழிற்சாலைகள் குளிர்விக்கவும் கழுவவும் குடிநீரையே பயன்படுத்தவேண்டும் என்று என்ன கட்டாயம்? சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கிறது. பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் அதைச் செய்தால், அந்த அளவுக்கு சுங்கை மூடாவின் சுமை குறையும், ஆற்றில் கலக்கும் கழிவும் குறையும். மக்கள் மீதும் தவறு உண்டு. நாட்டிலேயே ஆள் ஒன்றுக்கு அதிகத் தண்ணீர் செலவழிப்பவர்கள் பினாங்குவாசிகள்தான். காரைக் குழாய் வைத்துக் கழுவும் பழக்கத்தை நாமும் விடவேண்டும். அதைக் காட்டி அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவக்கூடாது.

எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சு பேராக் திட்டத்துக்கு ஒரு தேதி சொல்லவேண்டும். பணம் எங்கிருந்து வரும், வேலை எந்த ஆண்டில் தொடங்கும், முதல் சொட்டு எப்போது பெருநிலத்துக்கு வரும் என்று எழுத்தில் வைக்கவேண்டும். சுங்கை டுவா பழுதானால் மாற்று வழி என்ன என்பதை மாநில அரசாங்கம் பகிரங்கமாக விளக்கவேண்டும். ஜுரு ஆற்றுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு பொறுப்பதிகாரியை நியமியுங்கள். பினாங்கைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி பார்க்காமல், அடுத்த கூட்டத்தில் இதை எழுப்பவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
ஜுரு, பினாங்கு