காப்பாத்தப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயாவது அநியாயம் நடக்கிறது என்று காதில் விழுந்தால் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வது. எனக்கும் உண்டு. மடித்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

குரோம்பேட்டையில் நான் இருக்கும் ஃபிளாட்டின் தரைத்தளத்தில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் இருக்கிறார். வயது 78. மனைவி காலமாகி ஆறு வருஷம். மகன், மருமகள், ப்ளஸ் டூ பேரன். நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். எனக்குத் தலை நரைத்துவிட்ட விஷயம் அவர் கண்ணில் படவில்லை. காரணம் அடுத்த பாராவில்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியேறி வந்தார். மூச்சு வாங்கிவிட்டு, "தம்பி, ஒரு அம்பது ரூபா இருக்குமா? ஒண்ணாந்தேதி தந்துடறேன்" என்றார். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாசா மாசம் மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர் அம்பது ரூபாய் கடன் கேட்கிறார்!

"ஏ.டி.எம். கார்டு பையன்கிட்ட இருக்கு தம்பி. பத்திரமா வச்சிருக்கான்."

பேங்கில் கொடுத்திருந்த போன் நம்பரையும் மகன் தன் நம்பராக மாற்றிவிட்டானாம். அதனால் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கே. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. "ஊரார் சேவிங்ஸ் கணக்கெல்லாம் பைசா சுத்தமா வச்சிருந்தேன். என் கணக்குதான் பிடிபடலை" என்று சிரித்தார். சிரிப்பு எனக்கு வரவில்லை.

இன்னும் கொஞ்சம் கிளறியதில், மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போவது தெரிந்தது. சாயந்திரம் ஏழு மணி வரை சாருக்கு ஜன்னல்தான் உலகம்.

என் கை தானாகச் சட்டைக் கைக்குப் போனது.

* * *

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் அவசரக் கூட்டம் போட்டேன். "நேரா போலீஸ்!" என்றார் ஒருவர். "நல்ல முதியோர் இல்லமா பார்த்துச் சேர்த்துடுங்க" என்றார் இன்னொருவர். சின்னப் பையன் ஒருத்தன், "வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டா ஒரே நாள்ல வைரல் சார்" என்றான். நானும் சும்மா இல்லை. 2007-ம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை இறக்கிப் படித்து, மனுவே எழுதிவிட்டேன்.

எங்கள் சூப்பிரண்டெண்ட் அம்மா அதுவரை தயிர்சாதத்தில் கவனமாக இருந்தார். நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரைக் கேட்டீங்களா சார்?"

"எதை மேடம்?"

"அவருக்கு என்ன வேணும்னு."

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால் விபரீதமாக இருந்தது. மகன் கார்டை வாங்கி வைத்ததும் கதவைப் பூட்டியதும் 'பாதுகாப்புக்காக'. நான் போலீஸுக்கும் இல்லத்துக்கும் அலைந்ததும் 'பாதுகாப்புக்காக'. ரெண்டு பேரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் பூட்டு இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இங்கிலாந்துக்காரர்கள் இதைச் சட்டத்தோடு சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். அங்கே 2014-ல் வந்த பராமரிப்புச் சட்டத்தை ஒட்டி, நலிந்தவர்களைப் பாதுகாக்க ஆறு கொள்கைகள் சொன்னார்கள். அதில் முதலாவதாக எழுதியிருப்பது, சம்பந்தப்பட்டவரே முடிவெடுக்கத் துணை நிற்க வேண்டும் என்பது. 2005-ம் வருஷத்து இன்னொரு சட்டம் இதைவிட சுவாரசியம். ஒருவர் புத்திசாலித்தனமில்லாத முடிவு எடுக்கிறார் என்ற காரணத்துக்காக மட்டும், அவருக்கு முடிவெடுக்கும் திறனே இல்லை என்று கருதக்கூடாதாம். நியாயம்தானே? மாமா பேச்சைக் கேட்டு ஷேரில் பணம் போட்டவர்கள், ஆபர் என்று மூன்று சைஸ் சின்ன ஷூ வாங்கியவர்கள் எல்லாரும் நம் ஆபீஸில்தான் இருக்கிறோம். நம் கார்டை யாரும் பிடுங்கவில்லை. 78 வயசானதும் மட்டும் ஏன் அந்த உரிமை பறிபோகிறது?

ஜேம்ஸ் மன்பி என்ற இங்கிலாந்து நீதிபதி 2007-ல் ஒரு தீர்ப்பில் கேட்டார்: ஒருவரைப் பத்திரமாக வைத்து, அதனாலேயே அவர் வாழ்க்கையைச் சோகமாக்கிவிட்டால் என்ன பிரயோசனம்?

* * *

சரி, எப்படிக் கேட்பது? மகன் ஹாலில் டி.வி. பார்க்கும்போது "சார், உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?" என்றால், "ஒண்ணுமில்லையே!" என்றுதான் பதில் வரும். தனியாகக் கேட்க வேண்டும்.

சந்தர்ப்பத்தை மகனே கொடுத்தான். நவம்பர் மாசம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். "எனக்கு ஆபீஸ்ல ஆடிட். அப்பாவை பேங்குக்குக் கூட்டிட்டுப் போறீங்களா அங்கிள்?" என்றான். (அவன் கண்ணில் என் நரை பட்டிருக்கிறது.)

போகிற வழியில் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் ஒரு கிளாஸ் டீ முழுக்க யோசித்தார்.

"போலீஸ் வேண்டாம் தம்பி. பேரனுக்குப் பரீட்சை வருஷம். ஹோமும் வேண்டாம். அவ இருந்த வீடு அது. கார்டு என் கைக்கு வரணும். பகல்ல கதவு திறந்திருக்கணும். தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வரணும். அவ்வளவுதான்."

"பையன் உங்க பணத்தை எடுத்துக்கறானே சார்?"

"கடன்ல மாட்டிக்கிட்டிருக்கான். எனக்கும் குடுக்க ஆசைதான். ஆனா நான் எடுத்துக் குடுக்கணும். அவனா எடுத்துக்கக் கூடாது." டம்ளரை வைத்தார். "சர்வீஸ்ல இருந்தப்போ கிழவிங்களுக்கு மணியார்டர் வரும். 'எங்கம்மாதான், என்கிட்ட குடுங்க'ன்னு பையன் வந்து நிப்பான். விடமாட்டேன். அந்தம்மா கைநாட்டு வச்சு, அந்தம்மா கையில குடுத்தாதான் பட்டுவாடா. அப்புறம் அவ பிள்ளைக்குக் குடுக்கட்டும், தூர எறியட்டும். அது அவ இஷ்டம்."

நான் எழுதிய மனுவில் இதில் ஒரு வரிகூட இல்லை.

பேங்கில் ஒரு தமாஷ். கவுன்ட்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "பெரியவருக்கு என்ன வேணுமாம்?" என்றார். உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வந்த மனுஷரை எதிரே உட்கார வைத்துவிட்டு, என்னைக் கேட்கிறார்! "அவரையே கேளுங்க சார்" என்றேன். சூப்பிரண்டெண்ட் அம்மாவிடம் கடன் வாங்கிய டயலாக். சார் மஞ்சள் பையிலிருந்து ஆதாரை எடுத்தார். போன் நம்பரைத் தன் பட்டன் போன் நம்பருக்கு மாற்றவும், பழைய கார்டை நிறுத்திப் புதுசு வாங்கவும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். போஸ்ட் மாஸ்டர் கையெழுத்து, முத்து முத்தாக இருந்தது.

* * *

வீட்டில் ஒரு வாரம் புயல். மகன் மாடிப்படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்தான். மருமகள்தான் எதிர்பாராமல் என் மனைவியிடம் வந்து அழுதாள். காலையில் சமையல், ஒன்பது மணிக்கு ஆபீஸ், ராத்திரி மறுபடி அடுப்பு. மாமனார் ஒரு தடவை பாத்ரூமில் வழுக்கி விழுந்து ரெண்டு மணி நேரம் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்துதான் பூட்டு. "தப்புன்னு தெரியும்க்கா. வேற என்ன செய்யறதுன்னு தெரியலை."

அவளையும் யாரும் கேட்டதில்லை.

பாத்ரூமில் ரெண்டு ஸ்டீல் கைப்பிடி அடித்தாயிற்று. சாவி ஒன்று சார் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. பகலில் என் மனைவி ஒரு குரல் கொடுப்பாள். மறுபடி விழமாட்டார் என்று உத்தரவாதம் உண்டா? கிடையாது. அவருக்கும் அது தெரியும். "பூட்டின வீட்டுக்குள்ளயும்தானே விழுந்து கிடப்பேன்" என்கிறார்.

எல்லா வீட்டிலும் இப்படி டீக்கடையில் முடிந்துவிடாது. அறுபது வயது தாண்டியவர்களில் சுமார் ஆறில் ஒருவர், ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒரு வகைத் துன்புறுத்தலை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடி, பட்டினி, கவனிக்காத புண், மிரட்டல் என்று தெரிந்தால் டீ குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அவசரத்துக்கு 112. ஆலோசனைக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. பயத்தாலோ மறதி நோயாலோ பேச முடியாதவர் என்றால் இன்னும் சீக்கிரம். அப்போதும் அவர் முகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பராமரிப்பு கேட்டு மனு போடுவது ஆர்.டி.ஓ.விடம். லைசென்ஸ் கொடுக்கிறவர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். மாசம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவைப் பெரியவரே போடலாம். முடியாதவர் என்றால் அவர் அனுமதித்த வேறொருவர் போடலாம். அதாவது, சட்டமும் முதலில் அவரைத்தான் கேட்கச் சொல்கிறது. சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது, 'கடைசிவரை என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பார்த்துக்கொள்ளாவிட்டால் 23-ம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். இந்தப் பிரிவைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

டிசம்பர் ஒண்ணாந்தேதி சார் மாடியேறி வந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி. அம்பது ரூபாய் நோட்டை நீட்டினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'ரூபாய் ஐம்பது பெற்றுக்கொண்டேன்.'

"எதுக்கு சார் இதெல்லாம்?"

"கையெழுத்துப் போடுங்க தம்பி. ரூல்னா ரூல்."

போட்டேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து என்னை உற்றுப் பார்த்தார்.

"அடடே... உங்களுக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"