மொழியைக் கேட்டுக் குற்றவாளி ஆக்குவதா?

2015 ஏப்ரல் 7ஆம் நாள் விடியற்காலையில், திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. எங்கள் கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள் உயிர் பிழைத்தவர்கள். அவர்களில் ஒருவர், பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தப்பினார். சித்தூர், திருப்பதி வாழ் தமிழர்களாகிய நாம் இதை மறக்கவில்லை.

இன்று வங்காளி பேசும் தொழிலாளருக்கு அந்தக் கதி வந்திருக்கிறது. வங்க தேசத்திலிருந்து அனுமதியின்றிக் குடியேறியவர் எனச் சந்தேகிக்கப்படுவோரை 30 நாட்களில் சரிபார்க்கும்படி 2025 மே மாதத்தில் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவர் ஜூன் மாதம் டில்லியில் பிடிக்கப்பட்டு, எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். அவரைத் திரும்ப அழைத்து வரும்படி செப்டம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் வரை வழக்குப் போய், டிசம்பரில்தான் அவர் தாய்மண்ணை மிதித்தார்.

“நமக்கென்ன? நம்மிடம் அட்டை இருக்கிறதே” என்று நம்மில் சிலர் கேட்கலாம். அந்தப் பெண்ணின் குடும்பத்திடமும் ஆதார் அட்டை இருந்தது. செம்மரம் வெட்டுவது குற்றந்தான். அனுமதியின்றிக் குடியேறுவதும் சட்ட விரோதந்தான். ஆனால் அதை விசாரித்துத் தீர்ப்பதற்கு நீதிமன்றம் இருக்கிறது. பேச்சைக் கேட்டே தீர்ப்பெழுதும் அதிகாரம் எந்தப் படைக்கும் கிடையாது.

2015ல் நமக்காக யார் நின்றார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொலை வழக்குப் பதிவு செய்யக் கோரி ஐதராபாத் உயர்நீதிமன்றத்துக்குப் போனது ஆந்திரத்தின் பௌர ஹக்குல சங்கம். செத்தவர் தெலுங்கரா, தமிழரா என்று அந்தத் தோழர்கள் பார்க்கவில்லை. அந்தக் கடன் நம்மீது இருக்கிறது.

ஊர் திரண்டு நின்றால் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவின் பிலோயிலா என்ற சிற்றூரைப் பாருங்கள். அங்கே குடியிருந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச் 5 விடியலில் குடியேற்ற அதிகாரிகள் பிடித்துப் போனார்கள். சுமார் 6,000 பேரே வாழும் அவ்வூர் மக்கள் நான்காண்டுகள் ஓயவில்லை. மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், மற்ற நகரங்களிலும் ஆதரவு திரட்டினார்கள். 2022 ஜூனில் அக்குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் பெற்றது. ஆட்சி மாறியதும் அதற்கு ஒரு காரணந்தான். ஆனால் ஊரே மறந்திருந்தால், வந்த ஆட்சிக்கு நினைவூட்ட யார் இருந்திருப்பார்கள்?

ஆகவே தோழர்களே, கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் நம் ஊர்களுக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர் எவரையேனும் மொழியை வைத்துப் பிடித்துச் சென்றால், நாம் வீட்டுக்குள் இருக்கலாகாது. தெலுங்குத் தோழர்கள் கூட்டும் ஆர்ப்பாட்டத்தில் நாமும் சேர்வோம். அவர்கள் கூட்டாவிட்டால் நாம் கூட்டி அவர்களை அழைப்போம். காவல் நிலையத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: பிடித்தவரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் எப்போது நிறுத்தப் போகிறீர்கள்? இது அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு தரும் உரிமை. 21வது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்போ அந்நிய நாட்டவருக்கும் உண்டு. இதைக் கேட்பதற்கு வங்காளி தெரிந்திருக்க வேண்டியதில்லை.