மகளின் மிதிவண்டியும் பெற்றோரின் கடமையும்

பெண்பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் துன்பங்கள் சில உள. அவற்றுள் ஒன்றைக் குறித்து இம்மாதம் எழுத விரும்புகிறோம். அது மிதிவண்டியின் இருக்கையால் வரும் வலி. இதற்கும் ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் வியக்கக்கூடும். ஆனால், இவ்வலியை வெளியே சொல்லாமலேயே ‘இனி நான் சைக்கிளில் போகமாட்டேன்’ என்று ஒரு மாணவி ஒதுங்கிவிட்டால், பேருந்து வராத ஊரில் அவள் படிப்பே தடைப்படலாம். ஆகவே இது சிறிய செய்தியன்று.

திருவண்ணாமலையில் காலை வேளையில் செங்கம் சாலையிலோ வேட்டவலம் சாலையிலோ சற்று நின்று பாருங்கள். அண்டை ஊர்களிலிருந்து சீருடை அணிந்த மாணவியர் மிதிவண்டியில் வருவதைக் காணலாம். இந்நகரின் மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். ஏழு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பள்ளிக்கு வந்து திரும்பும் மாணவி, நாள்தோறும் மலையை ஒருமுறை சுற்றிய தூரத்தைக் கடக்கிறாள். அவ்வளவு நேரமும் அவள் உடலின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது கையகலமுள்ள ஓர் இருக்கையே.

நம் மாநிலத்துப் பெண்கள் மிதிவண்டியேறிய வரலாறு பெருமைக்குரியது. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக் கற்பித்தது. அன்றைய ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்த தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்களின் வண்டிகளையே பலர் ஓட்டினர். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அவ்வண்டியையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. பின்னர், 2001-02 கல்வியாண்டில் தமிழக அரசு மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அத்திட்டம் படிப்படியாக விரிந்து, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை பயிலும் இருபால் மாணவரையும் எட்டியது. வண்டி வீடு வந்துவிட்டது. ஆனால், அது தன்மீது ஏறுபவளின் உயரத்தையும் உடலமைப்பையும் அறியாது. அதை அவளுக்குப் பொருத்தித் தருவது வீட்டாரின் பொறுப்பு.

வலி எதனால் வருகிறது? நாம் அமரும்போது இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள் நம்மைத் தாங்குகின்றன. பெண்களுக்கு அம்முனைகளிடையே உள்ள இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அகலமானது. இருக்கையின் பின்பகுதி குறுகியிருந்தால் அவை வெளியே நழுவ, பாரமெல்லாம் நடுவிலுள்ள மென்மையான பகுதிமேல் விழுகிறது. அங்கே கடுப்பும் உரசலும் மரத்துப்போதலும் உண்டாகின்றன.

இந்த இடைவெளியை வீட்டிலேயே அளந்துவிடலாம். கடினமான முக்காலியின்மேல் அட்டைப்பெட்டியின் தடித்த அட்டையை விரித்து, மகளைச் சற்று முன்சாய்ந்து அமரச் சொல்லுங்கள். எழுந்ததும் அட்டையில் இரு குழிகள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதனோடு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் இருக்கையின் தேவையான அகலம் கிடைக்கும். நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவர்களுக்கு இன்னும் சற்று அகலம் நன்று. மிகையான அகலமோ தொடைகளை உரசும்.

கடையில் இருக்கையை விரலால் அழுத்தி, மெத்தென்று இருப்பதையே நல்லதென்று கொள்ளலாகாது. மிகத் தடித்த ஸ்பாஞ்சில் எலும்பு முனைகள் அமிழ்ந்து போக, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தும். ஓரளவு உறுதியாகவும், அடியில் ஸ்பிரிங் உடையதாகவும், நடுவில் பள்ளமோ திறப்போ உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். முன்மூக்கு குட்டையாயிருப்பது பலருக்கு இதமளிக்கும். இருக்கை தனியாகவே விற்கப்படுகிறது. அதற்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

புதிது வாங்குமுன் பழையதைச் சரிசெய்து பாருங்கள். இருக்கை மட்டமாக இருக்கட்டும். மூக்கு மேல்நோக்கினால் வலி கூடும். மிகவும் கீழ்நோக்கினால் உடல் முன்னே வழுக்கிக் கைகள் நோகும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் ஏறத்தாழ நேராக நிற்பதே சரியான உயரம். புதிதாகப் பழகுபவள் கால் ஊன்றும்படி சற்றுத் தாழ்த்தி வைக்கலாம். இருக்கையைத் தாங்கும் கம்பியில் எல்லைக்கோடு பொறித்திருந்தால் அதற்குமேல் உயர்த்தக்கூடாது. வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சின் உறை சுடும். மழையில் நனைந்த ஸ்பாஞ்சு ஈரம் காக்கும். ஆகவே ஒரு துணியுறை உடனிருக்கட்டும். தடித்த தையல் உள்ள உள்ளாடையும் புண்ணாக்கும் என்பதைத் தாய்மார் நினைவில் கொள்க.

முதல் சில நாள்கள் எலும்பு முனைகளில் தோன்றும் நோவு பழகப் பழகத் தணியும். ஆனால் மரத்துப்போதல், ஆறாத புண், சிறுநீர் எரிச்சல், இரத்தக்கசிவு ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளலாகாது. மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

‘பெண்ணுக்குச் சைக்கிள் ஆகாது’ என்ற பழம்பேச்சை இங்கே துணைக்கு அழைக்காதீர்கள். 1890களில் மேலைநாட்டு மருத்துவர் சிலரும் அவ்வாறே அஞ்சினர். அக்காலத்திலேயே நடுவில் இடைவெளிவிட்ட இருக்கைகள் அங்கே விற்பனைக்கு வந்தன. இங்கிலாந்தில் புரூக்ஸ் என்பவர், தாம் ஓட்டிய வண்டியின் கடின இருக்கை பொறுக்காமல், தோலால் ஓர் இருக்கை செய்து 1882இல் காப்புரிமை பெற்றார். ஓர் ஆண் தன் வலியைச் சொன்னபோது அது கண்டுபிடிப்பாயிற்று. நம் மகள் சொன்னால் மட்டும் அது நாணமற்ற பேச்சாகுமா?

துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும்படி நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அது நல்ல பக்தி. ஆயினும் ஒரு போல்ட்டைத் திருகினால் தீரும் வலியை மகள் சுமக்கும்படி விட்டுவிடுவது பக்தியாகாது. நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்பது புனித சின்னப்பரின் போதனை. அவ்வாலயத்தைப் பேணுவது பெற்றோர்க்கும் கடமையே.

எனவே, தாய்மார்களே, உங்கள் மகளைத் தனியே அழைத்து, “வண்டி ஓட்டும்போது எங்கேயாவது வலிக்கிறதா அம்மா?” என்று கனிவோடு கேளுங்கள். தந்தையரே, வரும் ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் ஸ்பானரைக் கையிலெடுங்கள். தச்சரான புனித சூசையப்பர் தம் கைத்திறனாலன்றோ திருக்குடும்பத்தைக் காத்தார்! தந்தையின் துணையில்லாத வீடுகளுக்குப் பங்கின் இளைஞர் குழுவினர் இவ்வுதவியைச் செய்யலாம். அரைமணி நேர வேலைதான். திங்களன்று உங்கள் மகள் வலியின்றிப் பள்ளி சென்று சேர்வாள்.