அபூர்வ வியாதிகளும் ஆராய்ச்சி மான்யமும்

ஒரு வீட்டில் முதற் குழந்தை ஆறு மாதத்தில் வாடி இறக்கிறது. இரண்டாவது குழந்தையும் அதே விதமாக இறக்கிறது. பெற்றோர் கோவில் கோவிலாகப் போய் வருகிறார்கள். வைத்தியர் மாற்றி வைத்தியரைப் பார்க்கிறார்கள். கடைசியில் ஊரார் 'விதி' என்று சொல்லிக் கலைந்து போகிறார்கள். நமது தேசத்தில் விதியின் கணக்கில் எழுதப்பட்ட சிசு மரணங்களில் ஒரு பகுதி, பெயர் கண்டறியப்படாத பரம்பரை வியாதிகளால் நேர்ந்தவையே. பெயர் கண்டறிவதும் மருந்து காண்பதும் ஆராய்ச்சியின் வேலை. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கேட்டு நமது விஞ்ஞானிகள் விண்ணப்பம் எழுதுவதற்கும், அதைப் பரிசீலிப்பதற்கும் உள்ள முறை இவ்வியாதிகளின் இயல்புக்குப் பொருந்தவில்லை. அதைப் பற்றியே இன்று எழுதுகிறோம்.

நாம் உண்ணும் ஆகாரம் உடலில் படிப்படியாக மாறுகிறது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்தி வைக்கிறது. பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேரும்பொழுது, அந்த நொதி குறைந்து விடுகிறது. அல்லது இல்லாமலே போகிறது. மதகு அடைபட்ட வாய்க்காலில் மேலே நீர் தேங்கிக் கீழே பயிர் காய்வது போன்ற நிலைமை உடலுக்குள் ஏற்படுகிறது. தேங்கிய பொருள் மூளையையோ ஈரலையோ எலும்பையோ கெடுக்கிறது. இவற்றைப் பரம்பரை வளர்சிதை மாற்ற வியாதிகள் என்கிறார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அபூர்வம். சேர்த்துப் பார்த்தால் அபூர்வம் அல்ல.

இவ்வியாதிகளின் சரித்திரம் சிறிய எண்களின் சரித்திரம். 1902-ல் இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்ட் காராட் என்ற வைத்தியர், சிறுநீர் கறுத்துப் போகும் அல்காப்டன்யூரியா என்ற கோளாறு குடும்பங்களில் இறங்கி வரும் முறையைக் கவனித்து, அது பிறவியிலேயே அமைந்த ரசாயனப் பிழை என்று எடுத்துரைத்தார். 1934-ல் நார்வேயில், புத்தி வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளுக்கும் என்ன நேர்ந்தது என்று விடாமல் கேட்ட ஒரு தாயின் பொருட்டு, அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியர் அக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். பினைல்கீட்டோனூரியா என்று பின்னர் பெயர் பெற்ற வியாதியை அவர் பத்தே நோயாளிகளைக் கொண்டு உலகுக்கு அறிவித்தார். 1953-ல் பிர்மிங்ஹாமில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவரது சகாக்களும், தனியாகத் தயாரித்த ஆகாரத்தினால் அந்த வியாதியின் கடுமை குறைவதைக் காட்டியபொழுது, அவர்களிடம் சிகிச்சை பெற்றது ஒரே ஒரு சிறுமி. அதன் பின்னர் 1960-களில் ராபர்ட் கத்ரியின் இரத்தச் சோதனை பரவிற்று. பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்தைக் கொண்டு வியாதியைக் கண்டு, ஆகாரத்தை மாற்றி, எண்ணற்ற குழந்தைகளின் புத்தியைக் காப்பாற்றி வருகிறார்கள். பத்து நோயாளிகளும் ஒரு சிறுமியும் போதாது என்று அன்று யாராவது கோப்பை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காராட் ஆராய்ந்த அல்காப்டன்யூரியாவின் கதை இன்னும் நீண்டது. நிட்டிஸினோன் என்ற ரசாயனம் முதலில் களைக்கொல்லி ஆராய்ச்சியில் தோன்றியது. 1992-ல் ஸ்வீடன் தேசத்து வைத்தியர்கள், ஈரலைக் கெடுத்துக் குழந்தைகளைக் கொல்லும் டைரோஸினீமியா என்ற மற்றொரு வியாதிக்கு அதைக் கொடுத்து நற்பலன் கண்டார்கள். அவர்களது முதல் அறிக்கையில் இருந்தவர்கள் 5 நோயாளிகளே. பின்னர் ஐரோப்பிய யூனியன் கொடுத்த ஆராய்ச்சி மான்யத்தைக் கொண்டு, நோயாளிகளின் சங்கமும் கூட்டாளியாக நிற்க, லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாகியாவின் பியெஷ்டானி ஆகிய மூன்று இடங்களில் 138 அல்காப்டன்யூரியா நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகள் அந்த மருந்து பரீட்சிக்கப்பட்டது. 2020-ல் முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டில் ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. நோய்க்குக் காரணம் சொல்லப்பட்டதற்கும் மருந்து வந்ததற்கும் நடுவில் 118 ஆண்டுகள் கழிந்தன. எந்த ஒரு நாட்டிலும் போதிய நோயாளிகள் இல்லாத குறையை, பல நாடுகளைச் சேர்த்து, போதிய காலமும் கொடுத்து அந்த மான்யம் ஈடு செய்தது.

இனி நமது தேசத்தைப் பார்ப்போம். அதே நிட்டிஸினோன் மருந்தை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி ரூபாய் ஆகும் என்றும், இந்தியாவிலேயே செய்யப்படும் மருந்துக்குச் சுமார் 2.5 லட்சம் ரூபாயே ஆகும் என்றும் 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்தது. சுதேசியத்தின் பலனுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1901-ல் பிரபுல்ல சந்திர ராய் தமது ரசாயனத் தொழிற்சாலையைக் கம்பெனியாக நிறுவி ஊட்டி வளர்த்த நம்பிக்கை வீண் போகவில்லை என்று பெருமைப்படுகிறோம்.

ஆனால், பிறர் கண்டுபிடித்ததை மலிவாகச் செய்து கொடுப்பது சுதேசியத்தில் பாதியே. பிறர் கண்டுபிடிக்கப் போகாததை நாமே தேடிக் கண்டுபிடிப்பது மற்றப் பாதி. இந்த மற்றப் பாதியை நமக்காக எந்த அந்நியரும் செய்து தர மாட்டார்கள். நமது ஜன சமூகங்கள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள்ளேயே மண உறவு கொண்டு வந்திருக்கின்றன. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்களும் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பரிசீலித்தது. அவற்றில் 81 சமூகங்கள், பரம்பரை வியாதி ஆராய்ச்சிக்குப் பேர் போன பின்லாந்து மக்களையும் அஷ்கெனாஸி யூதர்களையும் விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று அது கண்டது. அந்த 81-ல் 14 சமூகங்கள் ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகை உடையவை. தமிழ்நாட்டு நரிக்குறவர்களிடையே அல்காப்டன்யூரியா ஒரே மூல மரபணு மாறுதலால் வழிவழி வருவதாக 2014-ல் ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டிற்று. இது எந்தச் சமூகத்துக்கும் களங்கம் ஆகாது. எல்லா மனிதரும் ஏதோ சில பழுதுற்ற மரபணுக்களைச் சுமக்கிறார்கள். ஐரோப்பாவில் அபூர்வமானது நமது தாலுகா ஒன்றில் சாதாரணமாக இருக்கலாம் என்பதே இதன் பொருள். தேடுகிற கடமை நம்முடையது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அபூர்வ வியாதிகளுக்கு ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கிற்று. 2021-ல் அபூர்வ வியாதிகள் பற்றிய தேசியக் கொள்கை வெளியாயிற்று. எட்டு ஸ்தாபனங்கள் முதலில் சிறப்பு மையங்களாக நியமிக்கப்பட்டன. 2022-ல் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. எனினும், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில வியாதிகளில் ஆண்டுக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடிக்கு மேலும் செலவாகும் என்று அந்தக் கொள்கையே கூறுகிறது. மருந்தோ ஆயுள் முழுவதற்கும் வேண்டும்; குழந்தை வளர வளர அளவும் செலவும் ஏறும். 50 லட்சம் தீர்ந்த மறுநாள் அந்தத் தாய் எங்கே போவாள்? ஆராய்ச்சியில் போடாத பணத்தை அந்நிய மருந்துக்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறோம் என்பதுதான் உண்மை.

ஆராய்ச்சி மான்யங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. எத்தனை நோயாளிகள், எத்தனை பேருக்குப் பிரயோஜனம், எப்பொழுது முடிவு என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். க்ஷய ரோகத்தை ஆராய்பவர் லட்சக் கணக்கில் எழுதுகிறார். அபூர்வ வியாதியை ஆராய்பவர் 'பன்னிரண்டு குழந்தைகள்' என்று உண்மையை எழுதினால், படிப்பவருக்கு அது சொற்பமாகத் தோன்றுகிறது. ஒரு குழந்தையை அதன் பத்தாவது வயது வரை கவனித்தால்தான் வியாதியின் போக்கு தெரியும் என்னும்பொழுது, மூன்றாம் ஆண்டின் முடிவில் கணக்கை மூடச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு வேலை தேடிப் போகிறார். குளிர்ப்பெட்டியில் வைத்த இரத்த மாதிரிகளைக் கவனிக்க ஆள் இல்லாமல் போகிறது. இரத்தம் கொடுத்த பெற்றோருக்குப் பதில் சொல்லவும் ஆள் இல்லை.

க்ஷயமும் சத்துணவுக் குறைவும் உள்ள ஏழை நாட்டில் இந்த ஆராய்ச்சி ஓர் ஆடம்பரம் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். க்ஷயத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு காசையும் நாம் கேட்கவில்லை. 2020-21-ல் நமது தேசம் எல்லாவித ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிட்டது மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதமே. பானையே சிறிதாக இருக்கும்பொழுது, பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் நொந்து பயனில்லை. மேலும், அபூர்வ வியாதியின் ஆராய்ச்சி அபூர்வ நோயாளியோடு நிற்பதில்லை. சிறு வயதிலேயே மாரடைப்பு வரும் ஓர் அபூர்வப் பரம்பரைக் கோளாறு உள்ள நோயாளிகளின் உயிரணுக்களை அமெரிக்காவில் பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்தார்கள். உடல் கொலஸ்ட்ராலை எவ்வாறு உள்வாங்குகிறது என்பது அதனால் விளங்கிற்று. 1985-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று கோடிக்கணக்கான சாதாரண மனிதர் மாரடைப்பைத் தடுக்க உட்கொள்ளும் மாத்திரைகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்ற அறிவு, அந்தச் சில நோயாளிகள் கொடுத்தது.

ஆகவே, நாம் கேட்பவை இவை. முதலாவதாக, பரம்பரை வளர்சிதை மாற்ற வியாதிகளின் ஆராய்ச்சிக்கென்று தனி நிதித் தலைப்பு ஏற்பட வேண்டும். 2023-ல் சட்டம் இயற்றி அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனமும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதைச் சேர்ந்து செய்யலாம். இரண்டாவதாக, மான்யத்தின் காலம் ஐந்து ஆண்டுக்குக் குறையாமலும், இடையில் வேலை திருப்தியாக இருந்தால் நீடிக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதாக, நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்த விண்ணப்பமும் தள்ளப்படலாகாது. பரிசீலிக்கும் குழுவில் இத்துறை அறிந்தவர்களும், நோயாளிகளின் பெற்றோர் சிலரும் இடம் பெற வேண்டும். நான்காவதாக, பொதுப் பணத்தில் கண்டுபிடித்த மருந்து பொது ஜனங்களுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையை மான்யப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

விஞ்ஞானிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பத்து நோயாளிகளைத் தனியே வைத்துக்கொண்டு தனித்தனியே விண்ணப்பிப்பதால் ஒருவருக்கும் லாபமில்லை. சென்னையும் லக்னோவும் ஹைதராபாத்தும் கல்கத்தாவும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திடட்டும். தேசியப் பதிவேட்டில் நோயாளிகளை ஒழுங்காகச் சேர்க்கட்டும். அப்பொழுது பத்து நூறாகும்; மறுப்பவரின் வாயும் அடைபடும். நமது தனவான்களும் யோசிக்க வேண்டும். கோபுரத் திருப்பணிக்கும் கல்லூரிக் கட்டடத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும் கை, ஓர் ஆராய்ச்சி உதவியாளரின் ஐந்து ஆண்டுச் சம்பளத்தைக் கொடுப்பதும் தர்மமே.

சுயராஜ்யத்தின் பெருமை பெரும்பான்மையோரின் வயிற்றை நிரப்புவதோடு முடிந்துவிடாது. எண்ணிக்கையில் அற்பமானவர்களுக்கும் அது நியாயம் செய்ய வேண்டும். அந்நிய ஆட்சியில் நமது குழந்தைகளின் மரணத்துக்குக் காரணம் கேட்க நமக்கு இடமில்லாமல் இருந்தது. இன்று பட்ஜெட்டை எழுதுகிறவர்களும் நாமே, மான்யம் கொடுக்கிறவர்களும் நாமே. அடுத்த பட்ஜெட்டிலாவது இந்தத் தனி நிதிக்கு இடம் ஏற்பட வேண்டும். சர்க்கார் தயங்கினால், பார்லிமெண்டில் உள்ள தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் கட்சி பேதமின்றி இதைக் கேட்டு வாங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.