கடல் விலகிய ஊருக்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்த வகுப்பொன்றில், கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, கொற்கையில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது?" பதினெட்டு ஆண்டுகளாகக் கொற்கை முத்தைப் பற்றிப் பேசி வருபவன் நான். அவ்வூரில் ஒரு நாளும் இறங்கி நடந்ததில்லை. 'கிழக்கே' என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யில்லை, விடையும் இல்லை.

அந்தக் கூச்சம்தான் சென்ற விடுமுறையில் என்னை ஏரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உறவினர் வீட்டில் கிடந்த இரண்டு பழைய மிதிவண்டிகளைக் காற்றடித்து எடுத்துக்கொண்டோம். கேள்வி கேட்டவனையும் உடன் அழைத்திருந்தேன்.

கொற்கையில் கடல் இல்லை. வயலும் வாழையும் குளமும் இருக்கின்றன. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் பேசும் பாண்டியர் துறைமுகம், கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் குறிப்பிடும் 'கொல்கி', இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. நாணயச் சாலையை நினைவூட்டும் அக்கசாலைப் பிள்ளையார், வெற்றிவேல் அம்மன் கோயில், முதிர்ந்த வன்னி மரம் என்று ஒவ்வொன்றாய் நடந்து பார்த்தோம். கால்டுவெல் இங்கே அகழ்ந்தார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தது. 2021இல் மீண்டும் அகழ்ந்தது.

பின்னர் உமரிக்காடு, முக்காணி வழியாகப் பாலம் கடந்து ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டிச் சேர்ந்தபூமங்கலம், புன்னைக்காயல். மிதிக்க மிதிக்க ஒன்று புரிந்தது. தாமிரபரணி சுமந்து வந்த வண்டலே கடலைத் தள்ளியிருக்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட அத்துறைமுகம் இன்றைய பழையகாயல். அதன்பின் போர்த்துக்கீசியர் காலத்துப் புன்னைக்காயல். அதற்கும் பின் தூத்துக்குடி. ஈராயிரம் ஆண்டு வரலாற்றை ஒரு முற்பகலில் கால்களால் அளந்துவிடலாம். பேருந்தின் வேகத்தில் இவை வெறும் நிறுத்தங்கள்.

புன்னைக்காயலில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்றோம். அன்றிக் அடிகளார் 1586இல் 'அடியார் வரலாறு' நூலை அச்சிட்டதாகக் கருதப்படும் ஊர் இது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், மாணவன் முந்திக்கொண்டான். "கொண்டல் எடுத்திருக்கு ஐயா" என்றான். பிறகு வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுகளின் பெயர்களைச் சொல்லி, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் வலை போடலாம் என்று விளக்கினான். வாடையையும் கொண்டலையும் அகராதி பார்த்துப் பொருள் சொன்னவன் நான். அவனுக்கு அவை அப்பா வீட்டில் புழங்கும் சொற்கள். அதுவரை, நெய்தல் என்பது வேறு யாரோ எழுதிய, வேறு யாருக்கோ உரிய பாடம் என்றே அவன் எண்ணியிருந்தானாம்.

திணை என்பது இலக்கிய மரபு, நிலவியல் பாடமன்று என்று நண்பர்கள் மறுக்கக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். பாடலைச் சரிபார்க்க ஊருக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாடலுக்கு உரியவர்கள் நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அறியப் போகவேண்டும் என்கிறேன். தூத்துக்குடிப் பார்களில் 1961இல் நடந்ததே கடைசிச் சலாபம். முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. காற்றின் பெயர்கள் நிற்கவில்லை. அவற்றையும் நாம் கேளாமல் விட்டால், அடுத்த தலைமுறை வானிலைச் செய்தியோடு நின்றுவிடும்.

அகழ்ந்தெடுத்த பொருள்களை அருங்காட்சியகத்தில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் கொற்கைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க முடியாது. கல்விச் சுற்றுலா என்று மலைவாழிடங்களுக்குப் பேருந்து அமர்த்தும் தமிழ்த்துறைகள், ஆண்டில் ஒரு நாளாவது இந்தப் பாதையில் மாணவர்களை மிதிக்கவும் நடக்கவும் விடலாம். செலவு அதிகமில்லை: சில வாடகை மிதிவண்டிகள், குடிதண்ணீர், வெயிலுக்கு ஒரு துண்டு.

இனி யாரேனும் கொற்கையில் கடல் எங்கே என்று கேட்டால் 'கிழக்கே' என்று சொல்லமாட்டேன். 'வா, போய்ப் பார்ப்போம்' என்பேன்.