பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது. படிப்புக்கான காகிதம் எங்கே?

சகோதரர்களே! உங்கள் வீட்டு இரும்புப் பீரோவைத் திறந்து பாருங்கள். மேல் தட்டில் பாஸ்போர்ட்டுகள் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு மடிப்புகூட விழாமல். அதற்குக் கீழே வீட்டுப் பத்திரம், கடை லைசென்ஸ், நகைச் சீட்டு. சரி. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகனின் இருப்பிடச் சான்று எங்கே? பி.சி.எம். சான்று எங்கே? மத்திய அரசுப் படிவத்தில் வாங்க வேண்டிய ஓ.பி.சி. சான்று எங்கே?

"தேவைப்படும்போது வாங்கிக்கலாம் ஹஜ்ரத்" என்கிறீர்கள். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளின் இடம் பறிபோவது அந்த ஒரு வார்த்தையில்தான்!

2025 மே மாதம். ரிசல்ட் வந்த கையோடு, மஃரிபுக்குப் பிறகு ஒரு கடைக்காரர் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் நல்ல மதிப்பெண். "திருவாரூர் சென்ட்ரல் யுனிவர்சிட்டியில சேர்க்கணும். யாரைப் பார்க்கணும் ஹஜ்ரத்?" என்றார். யாரையும் பார்க்க வேண்டியதில்லை, மார்ச் மாதக் காலண்டரைப் பார்த்திருந்தால் போதும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தலை நிமிரவே இல்லை.

விஷயம் இதுதான். 2022 முதல் மத்திய பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் படிப்புகளுக்கு 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் திருவாரூர் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம். பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் காட்டி இடம் கேட்க முடியாது. இந்தத் தேர்வுக்கான விண்ணப்பம் ரிசல்ட்டுக்குப் பிறகு வருவதும் அல்ல. 2024-ல் பிப்ரவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்தது. 2025-ல் மார்ச் முதல் தேதி தொடங்கி அந்த மாதமே முடிந்துவிட்டது. பிள்ளை பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே கதவு சாத்தப்பட்டது! நாம் மே மாதம் இனிப்பு வாங்கிக்கொண்டு கதவைத் தட்டுகிறோம்.

அதோடு முடியவில்லை. தேர்வு எழுதினால் தானாக இடம் வரும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். வராது. அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் தனியாகவும் பதிவு செய்ய வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் தேர்வு எழுத வேண்டும் என்பதும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தவறான பாடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நன்றாக எழுதியும் வெளியே நிற்பான். தமிழிலேயே இந்தத் தேர்வை எழுதலாம் என்பதாவது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நம் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். காரைக்கால் என்பது தமிழ்நாட்டின் நடுவே கிடக்கும் புதுச்சேரித் துண்டு. வாஞ்சூர் தாண்டினால் நாகூர். நமக்கு அது வேறு ஊரே அல்ல. பெண் கொடுத்திருக்கிறோம், எடுத்திருக்கிறோம். உம்மா வீடு அங்கே, வாப்பா கடை இங்கே. ரேஷன் கார்டு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம். உறவுக்கு எல்லை இல்லை, சட்டத்துக்கு இருக்கிறது!

ஓர் உதாரணம் பாருங்கள். திருவேட்டக்குடியில் 2010-ல் வந்த என்.ஐ.டி. நிற்கிறது. அங்கே பாதி இடம் சொந்த மாநிலத்தாருக்கு. யார் சொந்த மாநிலத்தார்? காரைக்காலில் பிறந்தவனா? காரைக்கால் ரேஷன் கார்டு வைத்திருப்பவனா? இரண்டும் இல்லை. பிளஸ் டூ தேறிய பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுவே அவன் மாநிலம். இது ஜே.இ.இ. விதி. ஆக, காரைக்கால் தெருவில் பிறந்து வளர்ந்தவன், உம்மா வீட்டிலிருந்து நாகூர்ப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தால், வீட்டு வாசலில் இருக்கும் கல்லூரியிலேயே வெளி மாநிலத்தான்! பதினோராம் வகுப்பில் சேர்க்கும்போது பஸ் வசதியைப் பார்த்தீர்களே, இதைப் பார்த்தீர்களா?

சான்றுகளிலும் இதே கதைதான். சென்டாக் வழியாகப் போகும் இடங்களில் புதுச்சேரி அரசு முஸ்லிம்களுக்கு 2 சதவீதம் தருகிறது. அதற்குப் பி.சி.எம். சான்று வேண்டும். அதே சான்றை மத்திய பல்கலைக்கழகத்திலோ என்.ஐ.டி.யிலோ நீட்டினால் செல்லாது. அங்கே முஸ்லிம்களுக்கென்று தனி ஒதுக்கீடு இல்லை, ஓ.பி.சி.க்கான 27 சதவீதத்தில்தான் போட்டி. உங்கள் வகுப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, கிரீமி லேயர் அல்ல என்று மத்தியப் படிவத்தில், பெரும்பாலும் நடப்பு நிதியாண்டுத் தேதியிட்டு, வாங்க வேண்டும். வியாபாரிகளே, இங்கே கவனியுங்கள். எட்டு லட்ச ரூபாய் வரம்பில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. கடை வருமானத்தைச் சேர்ப்பார்கள். மூன்றாண்டுக் கணக்கு பார்ப்பார்கள். கணக்கு எழுதாத கடைக்காரர் தாசில்தார் முன் எதைக் காட்டுவார்?

பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இந்தியப் பிள்ளைக்குச் சமம் என்று இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச் 4 அறிவிக்கை நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் அவர்களை என்.ஆர்.ஐ. இடங்களோடு நிறுத்திவிட்டது. அந்தத் தேதிக்கு முன் அட்டை வாங்கியவர்களுக்கு 2023-ல் உச்சநீதிமன்றம் பழைய உரிமையைக் காத்தது. பின்னால் வாங்கியவர்களுக்கு இல்லை.

அரசைக் கேட்க வேண்டியதையும் கேட்போம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், அங்கே 2007 முதல் தனி ஒதுக்கீடு 3.5. புதுச்சேரியில் நாம் 6.05 சதவீதம், நமக்கு 2! வாஞ்சூர் எல்லையில் எந்தத் தராசில் நிறுத்தார்கள் இதை? புதுச்சேரிப் பல்கலைக்கழகமோ சில படிப்புகளில் மட்டும் உள்ளூர் மாணவருக்கு 25 சதவீதம் தந்துவிட்டு மற்றவற்றில் கையை விரிக்கிறது. எல்லாப் படிப்பிலும் வேண்டும் என்பது மத பேதமின்றி இம்மண்ணின் பிள்ளைகள் அனைவருக்குமான கோரிக்கை. அதில் நாம் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் மனுக் கொடுக்கப் போகும் நம்மிடம் அதிகாரி, "கொடுத்த இரண்டு சதவீதத்துக்கு உங்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால்? ஜமாஅத்திடம் கணக்கு இருக்கிறதா?

இல்லை. என்னிடமும் இல்லை. 'இக்ரா' என்று மேடைதோறும் முழங்குகிறோம். சச்சார் குழு 2006-ல் சொன்னதை, முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் 25 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்பதை, இருபதாண்டாய்ச் சொல்லிச் சொல்லி அழுகிறோம். மிம்பரில் ஏறிய நான் ஒரு ஜும்ஆவிலாவது "விண்ணப்பத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறேனா? பிறை அறிவிப்பு சொல்கிறோம், ஜனாஸா அறிவிப்பு சொல்கிறோம். இதைச் சொல்ல யார் தடுத்தார்?

வியாபாரப் பெருமக்கள் சிலர் சொல்வது காதில் விழுகிறது: "படிச்சு வந்தும் துபாய்க்குத்தானே போகப் போறான்?" நீங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மட்டும் முதல் தரம் எது, இரண்டாம் தரம் எது என்று பார்க்கிறீர்களே! அதே துபாயில் படித்தவன் எங்கே உட்காருகிறான், படிக்காதவன் எங்கே நிற்கிறான் என்று போய் வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கல்யாணப் பந்தலுக்கு ஆகும் செலவில் நூறில் ஒரு பங்கும் இந்தச் சான்றுகளுக்கு ஆகாது. ஆவதெல்லாம் இரண்டு மூன்று நாள் அலைச்சல். கடையை விட்டு அந்த இரண்டு நாள் தாலுகா ஆபீசுக்கு வர உங்களுக்கு மனம் இல்லை. அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் வேதனை. மதிப்பெண்ணில் பையன்களை முந்துகிறார்கள். ஊருக்குள்ளேயே அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அதற்கும் சென்டாக்கில் விண்ணப்பிக்க வேண்டும். "மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ" என்று இன்னும் வராத மாப்பிள்ளைக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கிறார்கள்.

இளைஞனே! வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று காத்திராதே. பிரவுசிங் சென்டர்காரர் கையில் உன் விண்ணப்பத்தை விட்டுவிட்டு வராதே. அவர் தன் செல்போன் எண்ணையும் தன் ஈமெயிலையும் போட்டுவிட்டால், உனக்கு வர வேண்டிய கவுன்சலிங் அழைப்பு அவருக்குப் போகும். நீயே உட்கார்ந்து நிரப்பு. எஸ்.எஸ்.எல்.சி. சான்றில் உன் பெயர் எப்படி இருக்கிறதோ ஆதாரிலும் அப்படியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார். 'முஹம்மது' என்பதை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! அந்த ஓர் எழுத்தைத் திருத்தவே மாதக்கணக்கில் அலைய வேண்டி வரலாம்.

நம் அமைப்பின் சகோதரர்களிடம் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் முதல் ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசை போடப்படும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் லேப்டாப்போடு இருப்பார்கள். பணம் எதுவும் இல்லை. எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் பார்த்துக் கொடுப்பார்கள். வரும்போது ரேஷன் கார்டு, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் எடுத்து வாருங்கள். வாப்பாவையும் அழைத்து வாருங்கள்.